மண் சரியும் இடத்தைப் படத்தில் காண்பது



நம் கேமரன் மலைக்குப் பெயர் வந்ததே ஒரு நில அளவையாளரால்தான். 1885-இல் வில்லியம் கேமரன் பகாங் மலைகளை அளக்க வந்தார். உயரத்தில் விசாலமான மேட்டுநிலம் ஒன்றைக் கண்டதாகவும் சொன்னார். ஆனால், அதைப் படத்தில் சரியாகக் குறிக்காமல் விட்டதால் பின்னால் வந்தவர்கள் தேடி அலைய வேண்டியதாயிற்று என்பார்கள். கண்ணால் பார்ப்பது வேறு, தாளில் குறித்து வைப்பது வேறு. மண்சரிவு விஷயத்திலும் வெகுகாலம் இதே குறைதான்.

1961-இல் ரிங்லெட்டில் ஏற்பட்ட சரிவில் 16 பேர் மாண்டார்கள். 2024 ஜனவரி 26 அன்று, பொழுது விடியுமுன், கம்போங் ராஜா வட்டாரத்து புளூ வேலியில் மண் இறங்கி, மியன்மாரிலிருந்து பிழைக்க வந்த ஐந்து தொழிலாளர்களை மூடிவிட்டது. நடுவில் நடந்த சிறு சரிவுகளுக்குக் கணக்கில்லை. ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால், மழை பெய்தது, மண் விழுந்தது என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே படத்தில் புள்ளி வைத்தால் ஓர் ஒழுங்கு தெரியவருகிறது.

எப்படி? பிள்ளைகள் பள்ளியில் எண்ணெய்த்தாளை மேலே வைத்துப் படம் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல ஒரு தாளில் மலையின் சாய்வு, இன்னொன்றில் மண்ணும் பாறையும், வேறொன்றில் ஆறும் ஓடையும், மற்றொன்றில் சாலையும் தோட்டமும். இவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பழைய சரிவுகளின் புள்ளிகளை மேலே வைக்கிறார்கள். இன்று இந்த அடுக்குவேலையைக் கணினி செய்கிறது. சாய்வை அளக்க விமானத்திலிருந்து லேசர் ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். அது இலைகளின் சந்து வழியே புகுந்து தரையைத் தொட்டுத் திரும்புகிறது. காட்டுக்கடியில் மறைந்துகிடக்கும் பழைய சரிவின் தழும்புகூட அதில் தெரியும்.

பிறகு மதிப்பெண் போடுவார்கள். கணக்கு புரிவதற்காக ஒன்று சொல்கிறேன். ஒரு மலையில் சாலையோர நிலம் நூற்றுக்கு 10 பங்கு. ஆனால் சரிவுகளில் நூற்றுக்கு 30 அங்கேதான் நடந்தன என்று வைத்துக்கொள்வோம். 30-ஐ 10-ஆல் வகுத்தால் சாலையோரத்துக்கு 3. ஒன்றுக்கு மேல் போனால் கவனம் வேண்டும். இப்படி ஒவ்வொரு தாளுக்கும் வந்த மதிப்பெண்களைக் கூட்டினால், எந்தச் சரிவு சிவப்பு, எது பச்சை என்று நிறம் தீட்டலாம். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கேமரன் மலைக்கு இப்படிப் படம் வரைந்திருக்கிறார்கள். கனிம, புவி அறிவியல் இலாகாவும் மலைச்சரிவு அபாயப் படங்கள் தயாரித்திருக்கிறது.

நம் மலையில் கருங்கல் பாறை ஆழம்வரை மக்கி மண்ணாகிக் கிடக்கிறது. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் அதன்மேல் பெருமழை இறங்குகிறது. அடிவாரத்தைச் சாலைக்காக வெட்டினாலோ, காய்கறித் தோட்டத்துக்காக மேலே மொட்டையடித்தாலோ கேட்கவா வேண்டும்! ரிங்லெட் அணை ஏரியில் வண்டல் படிந்திருப்பது இப்படிக் கழுவப்பட்டு வந்த மண்தான்.

ஆனால் ஒன்று. யாரும் பதிவு செய்யாத சரிவு படத்தில் ஏறாது. சாலை அடைபட்டால் செய்தி வரும். தேயிலைச் செடிகளுக்கு நடுவே இரண்டு வரிசை சறுக்கினால் கொழுந்து பறிப்பவருக்கும் மண்டோருக்கும் மட்டுமே தெரியும்.

படம் இருந்தும் பயன்படாமல் போவதும் உண்டு. இலங்கையில் பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 அன்று நம்மைப் போன்ற தோட்டத் தமிழர்களின் லயன்கள் மண்ணில் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று ஆய்வாளர்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். வேலைத்தலத்தையும் வீட்டையும் விட்டு, மாற்று இடம் இல்லாதவர்கள் எங்கே போவார்கள்? எச்சரிக்கைத் தாள் மட்டும் கூரை ஆகிவிடாது.

ஆகையால் உங்கள் லயன் எந்த நிறத்தில் இருக்கிறது என்று தோட்ட அலுவலகத்தில் தயங்காமல் கேளுங்கள். நிலத்தில் புது வெடிப்பு, நேராக நின்ற மரம் சாய்வது, கதவு திடீரென்று சட்டத்தில் இறுக்குவது, தெளிந்த ஊற்று கலங்கி வருவது, இவை கண்ணில் பட்டால் கிராணியிடம் சொல்லுங்கள். சொல்லும்போது பீல்டு நம்பர், நாள், அதற்கு முன் எத்தனை நாள் மழை என்பதையும் சேர்த்துச் சொல்லி, எழுதிக்கொள்ளச் செய்யுங்கள். அந்த மூன்றும் இருந்தால்தான் படம் வரைகிறவர் சரியான இடத்தில் புள்ளி வைக்க முடியும்.