கணினிக் கடிகாரமும் செயற்கைக்கோள் நேரமும்

பள்ளிவாசல்களில் வக்து நேரங்களைக் காட்டும் மின்பலகைகள் சிலவற்றை இன்று கணினியே இயக்குகிறது. அதனுடன் ஜி.பி.எஸ். ஏற்பி ஒன்றை இணைத்துவிட்டால் நேரம் பிசகாது என்று எண்ணுவோர் பலர். இணைத்த பின்னும் பிசகுமாயின் பழி செயற்கைக்கோள் மீது விழுகிறது. ஆனால் பிழை பெரும்பாலும் வானத்தில் இல்லை; ஏற்பியிலோ, அதற்கும் கணினிக்கும் இடைப்பட்ட வழியிலோதான் உள்ளது.

கணினியின் நேரத்தைக் காப்பது குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வு. வெப்பநிலை மாறினால் அதுவும் சற்றே மாறும். பத்து லட்சத்தில் இருபது பங்கு பிழையே ஒரு நாளில் ஏறத்தாழ 1.7 நொடியாகிவிடும். ஆகவே வேறுபாடு நாள்தோறும் ஒரே சீராக வளருமாயின், ஏற்பியின் திருத்தம் கணினியைச் சென்றடையவில்லை என்று கொள்ளலாம்.

வேறுபாடு வளராமல், நொடியின் சிறு பகுதியளவில் ஏறியிறங்குமாயின் காரணம் வேறு. ஏற்பி நேரத்தை ஓர் எழுத்து வரியாக அனுப்புகிறது. 4800 பாட் வேகத்தில் எழுபது எழுத்துகள் கடந்துவர ஏறத்தாழ 0.15 நொடி ஆகும். வரி புறப்படும் கணமும் சீரானதன்று. நிலையான தாமதத்தைக் கழித்துவிடலாம், அலைவைக் கழிக்க இயலாது. அதற்கெனவே நல்ல ஏற்பிகளில் நொடிதோறும் ஒரு துடிப்பைத் தரும் தனிக் கம்பி உண்டு. வரி எந்த நொடி என்று சொல்லும். துடிப்பு அந்நொடி பிறந்த கணத்தைச் சொல்லும். வக்துக் கணக்கிற்கு இத்துணை நுண்மை தேவையில்லை என்பது வேறு.

வக்தைக் கெடுப்பது தேதிப் பிழையே. ஜி.பி.எஸ். பழைய செய்தியமைப்பில் வார எண் 1,024 வாரங்களுக்கு ஒருமுறை சுழியத்திற்குத் திரும்பும். 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அவ்வாறு திரும்பியது. இதை உணராத பழைய ஏற்பி 7,168 நாள் முந்திய தேதியைத் தரும். மணியும் நிமிடமும் சரியாகவே இருப்பதால் பார்ப்பவர் ஐயுறார். 2020 ஜனவரி 10ஆம் நாள் அதற்கு 2000 மே 26. சூரியக் கணக்கு தேதியைச் சார்ந்ததாதலால் சென்னையில் உதயம் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் முந்தியும், மஃரிப் அரை மணி பிந்தியும் காட்டப்படும்.

வேறு சில மென்பொருள்கள் ஆயிரம் நொடிக்கு மேற்பட்ட வேறுபாட்டைக் கண்டதும் திருத்துவதையே நிறுத்திவிடும். பிறகு படிகம் தன் போக்கில் ஓடும். எனவே முதலில் நோக்க வேண்டியது ஏற்பி தரும் ஆண்டை. அது பிழையெனில் ஏற்பியின் உள்மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும். இயலாவிடில் கணினியிலேயே 1,024 வாரங்களைக் கூட்டிக்கொள்ளச் செய்யலாம்.