தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை: தேயிலைத் தோட்டப் புதினமும் மலைக்காய்ச்சலும்

புதிய ஊருக்குச் சென்றவர் நோயில் விழுந்தால், ‘தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று சொல்வது தமிழர் வழக்கு. பிழைப்புத் தேடி மலையேறிய தமிழரைக் காய்ச்சல் வாட்டிய வரலாற்றை இலக்கியமாக்கியவர் ஒரு மருத்துவர் என்பது கருதத்தக்கது.

ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல், 1969-இல் ‘ரெட் டீ’ என்னும் ஆங்கிலப் புதினத்தை வெளியிட்டார். இரா. முருகவேள் அதனை ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கினார். ஆள்பிடிக்க வந்த மேஸ்திரியின் சொல்லை நம்பி, நெல்லைச் சீமையிலிருந்து வால்பாறைக்குச் செல்லும் கருப்பன், வள்ளி இணையரின் கதை அது. கடனும் குளிரும் அட்டையும் போதாவென்று காய்ச்சலும் அங்கே தொழிலாளரைத் துரத்துகிறது.

இப்புதினத்தில் மருத்துவம் இரு முகம் காட்டுகிறது. முதலில் காணப்படுபவன் முறையான படிப்பில்லாத போலி மருத்துவன். பின்னர் வருபவர் ஆபிரகாம் என்னும் படித்த மருத்துவர். இருவரிடையே உள்ள வேற்றுமை மருந்தளவில் நின்றுவிடுவதில்லை. கூலியாளை மனிதராக மதிக்கும் பார்வையிலும் உள்ளது. நோய்க்குக் கிருமி ஒரு காரணம். தோட்ட நிர்வாகத்தின் அசட்டை மற்றொரு காரணம். ஆசிரியர் இரண்டையும் ஒருங்கே காட்டுகிறார்.

இந்நூலைத் தழுவி 2013-இல் வெளிவந்த பாலாவின் ‘பரதேசி’ திரைப்படத்திலோ மருத்துவர் ஆடிப்பாடி மதம் பரப்புபவராக மாறிவிடுகிறார். நோயாளியின் துணைவராக நூலில் நின்றவர், திரையில் எள்ளலுக்கு உரியவராகிறார். படத்தை மட்டும் கண்ட மாணவர், தோட்ட மருத்துவத்தின் வரலாற்றில் ஒரு பாதியை இழந்துவிடுவர்.

காய்ச்சலின் மூலத்தை அறிந்தால் புதினம் இன்னும் தெளிவாகும். கொசுவின் உடலில் மலேரியாக் கிருமி வளர்வதை ரொனால்டு ராஸ் 1897-இல் செகந்தராபாத்தில் கண்டார். மலாயாவில் கிள்ளான் நகரில் 1901-இல் தடுப்புப் பணியைத் தொடங்கிய மால்கம் வாட்சன், பின்னர் மலைத்தோட்டங்களில் ஒரு விந்தையைக் கண்டார். காட்டை அழித்ததும் காய்ச்சல் குறையவில்லை, கூடியது! வெயில் படும் தெளிந்த ஓடைகளிலேயே ‘அனாபிலிஸ் மாகுலாட்டஸ்’ என்னும் கொசு பெருகியது. ஆகவே பழைய வழக்குப் பாதி உண்மையே. குற்றம் தண்ணீரில்தான், குடித்த நீரில் அன்று, கொசு முட்டையிட்ட நீரில்.

ஆயின், எல்லா மலையும் காய்ச்சல் மலை அன்று. கேமரன் மலையில் பிரிஞ்சாங்குக்கு அப்பால், சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்தை அடுத்துள்ள கியா பார்ம், 1,500 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. குளிர் மிகுந்தால் கொசுவின் உடலில் கிருமி முதிர்வது தாமதமாகும். அது முதிருமுன் கொசு மடிந்துவிடுவதும் உண்டு. தாழ்ந்த மலைகளில் மலிந்த நோய் உயர்ந்த மலைகளில் அருகியது இதனாலேயே.

அங்குள்ள வகுப்பறையில் ‘எரியும் பனிக்காடு’ படிக்கப்படுமாயின், ஆசிரியர் கேட்கத்தக்க வினா ஒன்றுண்டு: அதே தேயிலை, அதே தமிழர், கருப்பனின் மக்களை மட்டும் காய்ச்சல் ஏன் அவ்வாறு வாட்டியது? உயரம் என்பது பாதி விடை. குறித்த காலத்தில் கொய்னாவும் படித்த மருத்துவரும் அவர்களுக்குக் கிட்டவில்லை என்பதே மறுபாதி. முதற்பாதியை அறிவியல் பாடம் சொல்லும். மறுபாதியைச் சொல்ல இலக்கியம் வேண்டும்.