வீட்டுக் கணினியில் ஆளுக்கொரு லாச்சி

ஓர் இல்லத்தில் நால்வர் வாழ்வராயின், அவர்தம் உடுப்புகளை ஒரே பெட்டியில் திணித்து வைக்கும் வழக்கம் நம்மிடையே இல்லை. தந்தையின் வேட்டியும் மகளின் பாடசாலைச் சீருடையும் அலுமாரியின் வெவ்வேறு தட்டுகளிலேயே இடம்பெறுகின்றன. ஆனால், அதே இல்லத்தின் மேசைமீதுள்ள கணினியிலோ, நால்வரது கடிதங்களும் பாடங்களும் கணக்குகளும் ஒரே குவியலாய்க் கிடக்கின்றன. இதனால் விளையக்கூடிய இடர் யாது என்பதை, நாம் நன்கறிந்த குடும்பமொன்றில் நிகழ்ந்த ஒரு சம்பவம் நமக்குப் புலப்படுத்திற்று.

அக்குடும்பத்தின் தாயார் தமது மார்பில் சிறு கட்டியொன்று இருப்பதை ஒருநாள் உணர்ந்தார். பிள்ளைகளைக் கலங்கவைக்க அவர் விரும்பவில்லை. அனைவரும் உறங்கியபின், கணினியில் அதுபற்றித் தேடி வாசித்தார். மறுநாள், பத்தாந் தரத்தில் பயிலும் மகன், மார்க்கோ போலோவின் பயணங்களை அறியும் பொருட்டு அதே கணினியின் முன் அமர்ந்தான். "மார்" என இரண்டு எழுத்துகளைத் தட்டியதுமே, "மார்பில் கட்டி" என்ற சொற்கள் தாமாகவே கீழே தோன்றின. சிறுவன் எவரிடமும் ஒன்றுங் கேட்கவில்லை. அன்றிரவு உணவும் கொள்ளவில்லை. அவனது முகவாட்டத்தின் காரணத்தை மூன்று நாட்கள் கழித்தே தாயார் அறிந்தார். கட்டி தீங்கற்றதென வைத்தியர் பின்னர் கூறினார். ஆயினும், தாயின் வாயால் உரிய வேளையில் கேட்டிருக்க வேண்டிய செய்தியை, ஓர் இயந்திரம் முந்திக்கொண்டு கூறிவிட்டதன்றோ!

இதிற் கணினியின் குற்றம் யாதுமில்லை. இணையப் பக்கங்களை நமக்குக் காட்டும் உலாவியானது, தன்முன் இருப்பவர் தாயா, மகனா என்பதை அறியாது. எவர் தேடினும் அதனை ஒரே குறிப்பேட்டிற் பதிந்து, அடுத்து வருபவர்க்கும் நினைவூட்டுகின்றது. 'குக்கீ' எனப்படும் சிறு குறிப்புகளும் அவ்வாறே ஒன்றாகச் சேர்கின்றன. 1994-ஆம் ஆண்டில் நெற்ஸ்கேப் நிறுவனத்தைச் சேர்ந்த லூ மொன்டுலி என்பவர் அமைத்த இக்குறிப்புகளைக் கொண்டே, ஓர் இணையத்தளம் நம்மை மீண்டும் அடையாளங் காண்கின்றது. தந்தை தமது மின்னஞ்சலை மூடாது எழுந்து சென்றால், மகள் ஆசிரியருக்கு அனுப்பும் விடைத்தாள் தந்தையின் பெயரிலே சென்றடைவதும் இதனாலேயாம்.

இதற்குப் பரிகாரம் உலாவியினுள்ளேயே உண்டு. 'புரொபைல்' என வழங்கும் இவ்வசதியை, அலுமாரியில் ஒவ்வொருவர்க்கும் ஒதுக்கப்பட்ட தனி லாச்சி எனக் கொள்ளலாம். தேடிய வரலாறு, குறித்துவைத்த பக்கங்கள், சேமித்த கடவுச்சொற்கள், குக்கீகள் ஆகியன ஒருவருடையவை மற்றவருடையவற்றோடு கலவாமல் அதில் தனித்தனியே இருக்கும். கூகிள் குரோமில் 2011-ஆம் ஆண்டிலும், அப்பிள் கணினிகளின் சபாரியில் 2023-ஆம் ஆண்டிலும் இவ்வசதி இடம்பெற்றது. எட்ஜ், பயர்பொக்ஸ் ஆகியவற்றிலும் இஃது உண்டு.

அமைக்கும் முறை எளிது. குரோமைத் திறந்ததும், வலப்புற மேல்மூலையில் சிறு வட்டமொன்று காணப்படும். அதனைச் சொடுக்கினால் விரியும் பட்டியலில், புதிய புரொபைல் சேர்ப்பதற்கான வழி இருக்கும். விரும்பினால் அதனை ஒரு கூகிள் கணக்குடன் இணைக்கலாம், கணக்கின்றியும் தொடரலாம். பின்னர் ஒரு பெயரும் நிறமும் தெரிவு செய்தல் வேண்டும். தாய்க்குப் பச்சை, தந்தைக்கு நீலம் என நிறங்களைப் பகிர்ந்துகொண்டால், யாருடைய லாச்சி திறந்துள்ளது என்பதைச் சிறுபிள்ளையும் ஒரு பார்வையில் அறிந்துகொள்ளும்.

பழைய குவியல் தானாகப் பிரிந்துவிடாது என்பதையும் நினைவிற் கொள்க. முன்பிருந்த புரொபைலை ஒருவர் தமதாக்கிக்கொண்டு, ஏனையோரின் தேடல்களையும் கடவுச்சொற்களையும் அதிலிருந்து நீக்கிவிடுதல் நன்று. நீக்க வேண்டியவை அவையே. புரொபைல் முழுவதையும் அழித்துவிட்டால், அக்கணினியில் அதனுள் இருந்த அனைத்தும் உடன் அழியும். வீட்டுக்கு வரும் உறவினர்க்கு 'விருந்தினர்' முறை போதுமானது. யன்னலை மூடியதும் அவர் உலாவிய சுவடு உலாவியினின்று நீங்கிவிடும். அவர் இறக்கிய கோப்புகள் மட்டும் கணினியில் எஞ்சும்.

இத்தனையுங் கூறியபின், ஓர் உண்மையை மறைத்தல் முறையன்று. இந்த லாச்சிக்குப் பூட்டு இல்லை. கணினியின் முன் அமரும் எவரும் மற்றவருடைய புரொபைலை ஒரு சொடுக்கிலே திறந்துவிடலாம். ஆதலால், வங்கிக் கடவுச்சொல்லை அதிற் சேமித்துவைத்தல் தகாது. மெய்யாகவே பூட்டு வேண்டுமாயின், விண்டோஸிலேயே ஒவ்வொருவர்க்கும் கடவுச்சொல்லுடன் கூடிய தனிக் கணக்கு அமைத்தல் வேண்டும். அவ்வாறாயின் பூட்டில்லாத லாச்சியாற் பயன் யாது என வினவுவோர் இருக்கலாம். நம் வீட்டு அலுமாரியிலும் பல லாச்சிகளுக்குப் பூட்டில்லை. எனினும், அண்ணனின் கொப்பியைத் தங்கை கேளாது புரட்டுவதில்லை. இஃது யாருடையது என்று தெரிந்திருப்பதே பாதிக் காவலாகும். எஞ்சிய பாதியை அன்பும் மரியாதையும் காத்துக்கொள்ளும்.

இன்று அக்குடும்பத்தின் கணினியில் நான்கு நிறங்கள் உள்ளன. மறுபரிசோதனைக்குச் செல்லும் நாள் நெருங்கியபோது, இராப்போசன வேளையில் தாயார் தாமே அதனைப் பிள்ளைகளிடம் கூறினார். மகன் தானும் உடன் வருவதாகச் சொன்னான். ஒருவர்க்கொருவர் மறைத்து வாழ்வதற்காக அன்று, சொல்லவேண்டியதைச் சொல்லவேண்டியவரே சொல்வதற்காகவே இந்த ஏற்பாடு. வரும் விடுமுறை நாளில் அரை மணி நேரத்தை இதற்கென ஒதுக்குவோமாக.