கூண்டிற் பிறந்த குரங்கும் குலப்பதிவேடும்

மிருகக்காட்சிச்சாலை என்றதும் கூண்டும் வேடிக்கை பார்க்கும் கூட்டமுமே நம் நினைவில் எழுகின்றன. ஆயின், அவற்றுட் சிறந்தவை மேற்கொண்டுள்ள பிறிதொரு கடமையும் உண்டு. பல நாடுகளிற் சிதறிக் கிடக்கும் அருகிய விலங்கினமொன்றின் சிறு கூட்டங்களை ஒரே குடியெனக் கருதிப் பேணுதலே அதுவாகும். இது எங்ஙனம் இயலும் என்பதைப் பிரேசில் நாட்டுப் பொற்சிங்கக் குரங்கின் வரலாறு கொண்டு விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கம்.

றியோ டி ஜெனீறோ மாநிலத்தின் அத்திலாந்திக் கரையோரக் காடுகளே இக்குரங்கின் தாயகம். அரைக் கிலோகிராமிற் சற்று மிக்க நிறையும், முகத்தைச் சூழ்ந்த பொன்னிறப் பிடரியும் உடையது. காடு அழிந்தமையாலும், அழகு கருதி மக்கள் பிடித்துச் சென்றமையாலும், 1970ஆம் ஆண்டளவில் காட்டில் எஞ்சியவை சில நூறே. பிரேசில் அறிஞர் கோயிம்பிரா பீல்யோ இவ்வழிவை உலகுக்கு எடுத்துரைத்தார். 1972இல் வாஷிங்ரன் நகரில் அறிஞர் கூடி ஆராய்ந்தபோது, கூண்டிலிருந்த சிறு தொகையும் குன்றிவருதல் தெளிவாயிற்று.

காரணங்கள் யாவை? பூப்பெய்திய பெண்குரங்குகள் இரண்டு ஒரே கூண்டில் இருப்பின் கடும்பகை விளையும். பழம் மட்டும் போதாது; பூச்சி முதலிய புரத உணவும், மூன்றாம் வகை டீ விற்றமினும் வேண்டும். இவற்றினும் நுட்பமானது ஒன்றுண்டு. பெரும்பாலும் இரட்டையாய்ப் பிறக்கும் குட்டிகளைத் தந்தையும் மூத்த உடன்பிறப்புகளுமே பெரிதும் சுமக்கின்றன. இளமையிலேயே குடும்பத்தினின்று பிரிக்கப்பட்ட குரங்கு இதனைக் கல்லாது வளர்ந்து, தன் குட்டியைப் பேணத் தவறிவிடும். டெவ்ரா கிளைமன் என்னும் அம்மையாரும் அவர்தம் குழுவினரும் இவற்றை ஆராய்ந்து வளர்ப்பு முறையை மாற்றவே, தொகை பெருகிற்று.

பெருகியபின் தோன்றியது வேறொரு சிக்கல். ஒவ்வொரு குரங்கின் பெற்றோர், பிறப்பு, இடமாற்றம், இறப்பு ஆகியவற்றைக் குறிக்கும் குலப்பதிவேடு இதற்கு உதவிற்று. தாய் தன் பரம்பரையலகுகளிற் பாதியையே ஒரு குட்டிக்கு அளிக்கிறாள். ஒரே குட்டி ஈன்றால் அடுத்த தலைமுறைக்குச் செல்வது பாதி. இரண்டு ஈன்றால் சராசரியாக முக்காற்பங்கு. மூன்றாயின் எட்டில் ஏழு. எனவே, ஒரு சோடி மட்டும் பல குட்டிகளை ஈன, பிறசோடிகள் மலடாய் மாயின், எண்ணிக்கை பெருகினும் இனத்தின் பல்வகைமை சுருங்கும். இனம்பெருக்கும் விலங்குகள் பத்தேயாயின் ஒரு தலைமுறையில் நூற்றுக்கு ஐந்து வீதம் அப்பல்வகைமை குறையும். நூறாயின் அரை வீதமே குறையும். ஆதலால் ஒவ்வொரு குரங்கும் ஏனையவற்றோடு கொண்ட உறவின் சராசரி கணிக்கப்படும். உறவு குறைந்தது முதலிற் சோடி சேர்க்கப்படும். உறவு மிக்கதன் கருத்தரிப்பு ஓமோன்கொண்டு தடுக்கப்படும்.

மக்கள் விரும்பும் குட்டிகளைப் பிறவாது தடுத்தல் எந்தக் காட்சிச்சாலைக்கும் உவப்பானதன்று. அருமந்த விலங்கைப் பிறர்க்கு ஈதலும் எளிதன்று. எனினும், தனிநலம் பேணின் பொதுநலம் கெடும் என்பதை உணர்ந்து அவை உடன்பட்டன. விற்பனை ஒழிந்து இரவல் முறை வந்தது. 1990களின் தொடக்கத்தில் அக்குரங்குகளின் உரிமையே பிரேசிலுக்குக் கையளிக்கப்பட்டது.

1984இல் கூண்டிற் பிறந்தவை காட்டில் விடப்பட்டன. அசையும் கிளைகளில் நடக்கவும் உணவு தேடவும் அறியாது பல மடிந்தன. விடுமுன் அளித்த பயிற்சியினும், விட்டபின் உணவும் காவலும் அளித்தமையே பயன் தந்தது. காட்டிற் பிறந்த அவற்றின் குட்டிகளோ நன்கு வாழ்ந்தன. 2014இல் ஏறத்தாழ 3,700 ஆகிய காட்டுத்தொகை, மஞ்சட் காய்ச்சலால் 2019இல் 2,500 அளவாயிற்று. பின்னர் காட்டுக் குரங்குகளுக்கே தடுப்பூசி ஏற்றப்பட்டது. 2023இல் தொகை 4,800 ஆக உயர்ந்தது.

இதனாற் பெறப்படுவது யாது? பதிவேடும் கணக்கும் ஓரினத்தின் அழிவைத் தாமதிக்கச் செய்யலாம். காடே அதற்கு வாழ்வளிக்கும். திரும்பிச் செல்லக் காடில்லையேல், கூண்டிற் பேணிய குலம் பொருளற்ற செல்வமாகும்.