பூட்டிய வீடும் பங்காளிகளின் கையெழுத்தும்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் வியாபார விஷயமாகச் சென்று வந்த அன்பர்கள் அந்தப் பெரிய வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலுமாக நீளும் வீடுகள். அவற்றில் பல இன்று ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கின்றன. சில இடிந்தும் போயின.

பெரும்பாலும் 1850க்கும் 1940களுக்கும் இடையில் எழுந்த இவை வணிக லாபத்தில் கட்டியவை. பர்மா, இலங்கை, மலேயா என்று ‘கொண்டு விற்க’ப் போன நகரத்தார் பர்மாத் தேக்கையும் இத்தாலிப் பளிங்கையும் ஊருக்கு இறக்கினார்கள். 1930களின் விலைவீழ்ச்சியில் வாங்கிய கடனைக் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் அவர்கள் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் நெல் வயல்களில் ஏறத்தாழ கால் பங்கு! ரொக்கமாக வரவேண்டியது மண்ணாக நின்றுவிட்டது. 1942இல் ஜப்பானியப் படை வந்தது. 1948இல் பர்மா விடுதலை பெற்றபின் நிலமும் அரசுடைமைச் சட்டத்துக்குள் போயிற்று. வீட்டைப் பராமரிக்க வேண்டிய முதல் அத்தோடு நின்றது.

எங்கள் வீடும் அப்படிப்பட்டதே. எங்கள் ஐயா ரங்கூன் கடையில் பெட்டியடியில் இருந்தவர். அப்பச்சி காலத்தில் வளவைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அறை, தனிப் பூட்டு, தனி அடுப்பு. மகனுக்குத் திருமணமானதும் ‘வேறு வைத்து’, ஆண்டுக்கான அரிசி பருப்பை அளந்து கொடுத்துவிடுவார்கள். கூட்டுக் குடும்பத்துக்குள் இத்தனை துல்லியமான தனிக்கணக்கு வேறெங்கும் உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. விடுமுறைக்குப் போகும்போது அப்பத்தா தம் அறையைத் திறந்தால் புளியும் பழைய பேரேட்டுத் தாளும் கலந்த வாசனை வரும். அந்தப் பேரேடுகளைக் கரையான் தின்றுவிட்டது.

அன்று வசதியாக இருந்த அதே ஏற்பாடுதான் இன்று வீட்டைக் கட்டிப்போட்டிருக்கிறது. ஆறு புள்ளிகள் இருந்த வீட்டுக்கு இப்போது நாற்பதுக்கும் மேல் பங்காளிகள். வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பின் பெண் மக்களின் உரிமையையும் (நியாயமாகவே) கேட்டாக வேண்டும். சாவிகள் சென்னை, கோவை, சிங்கப்பூர் என்று சிதறியுள்ளன. ஓடு மாற்ற யார் பணம் போடுவது? ஒருவர் போட்டால் மற்றவர் பங்குக்கும் சேர்த்தல்லவா போடுகிறார்! ஓர் ஓடு உடைந்தால் மழைநீர் தேக்கு உத்தரத்தில் இறங்கும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவர் ஊறி உப்பும். பிறகு கதவு ஒரு விலை, தூண் ஒரு விலை. காரைக்குடி பழம்பொருள் கடைகளைக் குறை சொல்வதற்கில்லை. விற்பவர் இருப்பதால் வாங்குகிறார்கள். தனி ஒருவர் பெயரில் இருந்த சில வீடுகள் தங்கும் விடுதிகளாகிப் பிழைத்துள்ளன. செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. பட்டியல் ஓடு மாற்றித் தராது.

சென்ற ஆண்டு எங்கள் பங்காளிகளில் இருவர் முகப்புத் தூண்களை விற்கலாம் என்றனர். பேசிப் பேசி, புள்ளிக்கு இவ்வளவு என ஆண்டுச் சந்தா வைத்துப் பத்திரம் எழுதினோம். ஐந்தாண்டுக்கு எதையும் விற்பதில்லை. எட்டுப் பேர் இன்னும் கையெழுத்திடவில்லை. கொத்தனார் சொன்ன தொகையில் பாதிதான் சேர்ந்துள்ளது. மழைக்கு முன் முகப்பு ஓட்டை மட்டும் மாற்றச் சொல்லியிருக்கிறோம்.