பிள்ளைகளுக்கு ஆமை வாங்கலாமா?

வண்ணமீன் கடைகளில் பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிதாக, கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோட்டோடு ஒரு குட்டி ஆமை நீந்தும். சிவப்புக் காது ஆமை. பார்த்த பிள்ளை விடாது.

வாங்குவதற்கு முன் இதைக் கேளுங்கள். ஆமையின் உடம்பில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். ஆமைக்கு அதனால் ஒன்றும் ஆகாது. பளபளவென்று சுத்தமாகவே தெரியும். ஆனால் அதைத் தொட்ட கையை, தொட்டித் தண்ணீரில் அளைந்த விரலைக் குழந்தை வாயில் வைத்தால் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வரலாம். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களை அது கடுமையாகத் தாக்கும். இதனால்தான் அமெரிக்காவில், நான்கு அங்குலத்துக்கும் குறைந்த ஓடுள்ள ஆமைகளைச் செல்லப்பிராணியாக விற்க 1975-லேயே தடை விதித்தார்கள்.

அந்தக் குட்டி குட்டியாகவே இருக்காது. ஓடு ஓரடி நீளம்வரை வளரும். 20, 30 ஆண்டுகள் வாழும். கண்ணாடிக் கிண்ணம் போதாது. பெரிய தொட்டி, தண்ணீரை வடிகட்டும் கருவி, ஏறி வெயில் காய ஒரு மேடு எல்லாம் வேண்டும். வெயிலே படாவிட்டால் ஓடு மெத்தென்று ஆகிவிடும். பாவம், அதனால் கத்திச் சொல்லவும் முடியாது.

வளர்க்க முடியவில்லை என்று குளத்தில் விடவும் கூடாது. நம் ஊர் ஆமைகளின் இரையையும் இடத்தையும் அது பிடித்துக்கொள்ளும். சரி, அதற்குப் பதிலாக நட்சத்திர ஆமையை வளர்க்கலாமா? அது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருவது. பிடித்து வளர்ப்பது குற்றம்.

ஏற்கெனவே வீட்டில் ஆமை இருக்கிறதா? தொட்டதும் பிள்ளைகளைச் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். அதன் தொட்டியைச் சமையலறையில் கழுவாதீர்கள்.