எப்படி இயங்குகிறது? கண்ணுக்கு ஒரு கணக்கு, காதுக்கு ஒரு கணக்கு

சிலிம் ரிவர் வட்டாரத்தில் ரப்பர் நின்ற மண்ணில் இப்போது செம்பனை நிற்கிறது. அதன் பழத்தைப் பிழிந்தால் எண்ணெய் செக்கச்செவேலென்று வரும். நிறமாலைக் கணக்குகளைப் பழக அந்த எண்ணெயே போதும்.

முதலில் கண். ரோஸ் சிராப்பில் தண்ணீர் கூடினால் நிறம் வெளுக்கும். அதே கலவை ஒல்லிக் குவளையில் வெளிறியும் அகன்ற ஜாடியில் அடர்ந்தும் தெரியும். பீர்–லாம்பர்ட் விதி சொல்வதும் இதுதான்: உறிஞ்சளவு என்பது செறிவையும் ஒளி கடக்கும் தூரத்தையும் பொறுத்தது. உறிஞ்சளவை அளக்கும் கருவியில் தூரம் 1 செ.மீ. என்று நிலையாக இருப்பதால், உறிஞ்சளவு செறிவைச் சொல்லிவிடும்.

கணக்கு: 0.1 கிராம் கச்சா எண்ணெயை ஹெக்சேனில் கரைத்து 25 மில்லிலிட்டர் ஆக்குகிறோம். உறிஞ்சளவு 446 நானோமீட்டரில் 0.60, 269-இல் 0.20. முதலாவது கரோட்டினுடையது, அது நீல ஒளியை விழுங்குவதால்தான் எண்ணெய் சிவந்திருக்கிறது. இரண்டாவது, எண்ணெய் காற்றுப்பட்டுக் கெட்டதன் தடம். 0.60-ஐ 0.20-ஆல் வகுத்தால் 3.0. இந்த விகிதத்தை ஆலைகளில் ‘டோபி’ என்பார்கள். 3.0 என்றால் நல்ல எண்ணெய், 1.68-க்குக் கீழே போனால் கசடுக்குச் சமம். விகிதம் என்பதால், எடை சற்றுப் பிசகினாலும் விடை மாறாது.

அடுத்து காது. கடுகு வெடிப்பதும் கறிவேப்பிலை பொரிவதும் கூடத்தில் இருப்பவருக்கும் தனித்தனியாகக் கேட்கும். அகச்சிவப்பு ஒளியில் ஒவ்வொரு பிணைப்பும் அப்படித் தனக்குரிய அதிர்வெண்ணில் அதிரும். எண்ணெயின் அகச்சிவப்பு நிறமாலையில் முதலில் 1700 செ.மீ⁻¹ பக்கம் பாருங்கள். 1745-இல் கூரிய பள்ளம் இருந்தால் அது எஸ்டர், அதாவது எண்ணெய். 1710 அருகே இன்னொரு பள்ளமும், 2500 முதல் 3300 வரை அகன்ற பள்ளமும் சேர்ந்து வந்தால் கொழுப்பு அமிலம் கலந்திருக்கிறது. 1500-க்குக் கீழுள்ள கைரேகைப் பகுதியைக் கடைசியில் பார்த்தால் போதும். அங்கே தொடங்குபவர்களே அதிகம் தடுமாறுகிறார்கள்.

அந்த அமிலம் எங்கிருந்து வந்தது? வெட்டிய குலை அடிபட்டுக் கிடந்தால், பழத்திலுள்ள நொதியே எஸ்டரை உடைத்து அமிலமாக்கிவிடும். வெட்டிய குலையை அன்றே லாரியில் ஏற்றச் சொல்லித் தோட்டத்தில் அவசரப்படுத்துவது இதனால்தான்.